தீபாவளியும் நம் வீட்டு வாயில்லா ஜீவன்களும்



இந்த மாதப் பாடத்துக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு 'தீபாவளியும் ஜீவகாருண்யமும்'. கொஞ்சம் பெரிய தலைப்புதான். ஜீவகாருண்யம் என்றவுடன் வள்ளலார் நினைவுக்கு வருவார், சைவ உணவு நினைவுக்கு வரும், வகுப்பில் பாதிப் பேர் "அக்கா, தீபாவளிக்கு ஆட்டுக்கறி சாப்பிடலாமா, கூடாதா?" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நான் பேசப்போவது நம்ம வீட்டு கேட்டுக்கு உள்ளேயே இருக்கிற நாய், பூனை, கிளியைப் பற்றி. தீபாவளியன்று அதுங்களுக்கு என்ன நடக்கிறது, அதற்கு நாம் முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம் என்று மட்டும் பார்ப்போம்.

நான் கிள்ளான் பக்கத்தில் ஒரு விலங்கு மருத்துவ கிளினிக்கில் ஒன்பது வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தீபாவளிக்கு மறுநாள் எங்களுக்கு வேலை அதிகம். கிரில் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் பிய்ந்த நாய் வரும். எலும்பு தொண்டையில் மாட்டிய நாய் வரும். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து, தண்ணீர்கூடக் குடிக்காத பூனை வரும். தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாருமே பாசமாக வளர்க்கிறவர்கள்தான். அன்றைக்கு வீட்டில் ஆயிரம் வேலை. முறுக்கு டின்னை எடுத்து வைக்க ஒருத்தர், மாமா அத்தையை வரவேற்க ஒருத்தர், கோலத்துக்கு இரண்டு பேர் என்று எல்லாம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். நாயைப் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அந்த வேலையை இந்த வருஷம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கத்தான் இந்தப் பாடம்.

சத்தம்

மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். பூனைக்கு 60,000க்கும் மேலே. அடுத்த தெருவில் போட்ட பட்டாசு நமக்கு 'டொப்' என்று கேட்டு முடிந்துவிடும். அதுங்களுக்கு நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகளும் சேர்ந்தே கேட்கும். ஆனால் சத்தத்தின் அளவைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. நமக்குத் தீபாவளி என்று தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் திரியைக் கொளுத்துவது கண்ணில் படும். காதைப் பொத்திக்கொள்வோம், சிரிப்போம். நாய்க்கு எதுவும் தெரியாது. எங்கே வெடித்தது, எதற்கு வெடித்தது, அடுத்தது எப்போது, எப்போது நிற்கும் என்று ஒன்றும் விளங்காமல் அது ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும்.

நடுக்கம், வாலைக் கவட்டுக்குள் ஒடுக்குவது, கட்டிலுக்கு அடியில் போவது இதெல்லாம் பயம் என்று எல்லாருக்கும் புரியும். புரியாமல் போகிற அடையாளங்களும் உண்டு. வெயில் இல்லாத நேரத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது, அடிக்கடி உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, உயிரையே விடும் பிஸ்கட்டைக்கூட வேண்டாம் என்று முகத்தைத் திருப்புவது. "எங்க நாய் ரொம்ப தைரியம்கா, வெடி போட்டாலும் கொட்டாவி விட்டுக்கிட்டு படுத்திருக்கும்" என்று போன வருஷம் ஒரு தம்பி பெருமையாகச் சொன்னான். அந்தக் கொட்டாவியைத்தான் நான் சொல்கிறேன்.

இன்னொன்று. பயப்படும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும், அதனால் கண்டுக்காமல் விட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒன்றும் கிடையாது. பயம் ஒரு உணர்ச்சி. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் அது அதிகமாகாது. உங்கள் மடிக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராமல் மூலையில் ஒளிந்தால் இழுக்காதீர்கள், அதை அங்கேயே விடுங்கள்.

இப்போதிருந்தே ஒரு பயிற்சி ஆரம்பிக்கலாம். கைப்பேசியில் பட்டாசுச் சத்தம் போடுங்கள், கேட்டும் கேட்காத அளவுக்கு மெதுவாக. அது போகும்போது அதுக்குப் பிடித்த தீனியைக் கொடுங்கள். அஞ்சு நிமிஷம் போதும். நாய் நிம்மதியாக இருந்தால் இரண்டு நாள் கழித்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். காதை மடக்கினால், எழுந்து போனால், பழைய அளவுக்கே வந்துவிடுங்கள். இதில் அவசரம் கூடாது. ஏற்கெனவே இடி இடித்தாலே நடுங்குகிற நாயாக இருந்தால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே விலங்கு மருத்துவரைப் பாருங்கள். பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் எதை, எவ்வளவு என்று அவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பூனைக்குப் பனடால் மாதிரியான பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், உயிர் போய்விடும்.

வெடி விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று வகுப்பில் கேட்பீர்கள். மலேசியாவில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாத பட்டாசை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். சிங்கப்பூரில் 1972லேயே தனிச் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். நம்ம தாமானில் எவ்வளவு சட்டம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தெருநாய் வாலில் சரவெடி கட்டுவது, பூனை ஒளிந்த சாக்கடைக்குள் வெடியைப் போடுவது, இதெல்லாம் விளையாட்டுக் கணக்கில் வராது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 ரிங்கிட்டிலிருந்து 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். கூட்டாளிகள் அப்படிச் செய்தால் "டேய், வேணாம்டா" என்று சொல்ல ஒரு ஆள் போதும். பெரும்பாலும் அந்த ஒரு ஆள்தான் இருக்க மாட்டார்.

சரமாவின் பிள்ளை

மகாபாரதத்தின் கடைசியில் ஒரு நாய் வருகிறது, எல்லாருக்கும் தெரியும். இமயமலையில் தருமர் கூடவே நடந்து வந்த நாய். அதை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று தருமர் நின்றார். வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஆனால் மகாபாரதத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய் வருகிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஆதி பருவத்தில், ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்துகொண்டிருக்கிறான். ஒரு நாய்க்குட்டி அங்கே வருகிறது. தேவலோக நாயான சரமாவின் பிள்ளை. ஜனமேஜயனின் தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுகிறது. சரமா கேட்கிற முதல் கேள்வி, நீ ஏதாவது தப்பு செய்தாயா என்பதுதான். எந்த அம்மாவும் கேட்பது மாதிரி. நான் ஹவிசை நக்கவும் இல்லை, பார்க்கக்கூட இல்லை என்கிறது குட்டி. சரமா யாகசாலைக்கே வந்து நியாயம் கேட்கிறாள். அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. அப்போது அவள் கொடுக்கிற சாபத்தைக் கவனியுங்கள். தப்பு செய்யாத பிள்ளையை அடித்தீர்கள், அதனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பயம் உங்களுக்கு வரும் என்கிறாள்.

ஒரு நாய் கொடுக்கக்கூடிய பெரிய சாபம் அதுதான் போலிருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பயம். நான் மேலே சொன்ன தீபாவளி ராத்திரியை அதோடு வைத்துப் பாருங்கள். ஜனமேஜயன் கெட்டவன் என்று கதை சொல்லவில்லை. அவன் நல்ல காரியம்தான் செய்துகொண்டிருந்தான், யாகம். நல்ல காரியம் நடக்கிற இடத்தில், அதன் பரபரப்பில், ஒரு சின்ன உயிருக்கு அடி விழுந்தது. எனக்கு இந்தக் கதை பிடித்ததே அதனால்தான்.

பைரவருக்கு நாய் வாகனம் என்பதும் தெரிந்ததே. நேபாளத்தில் நம் தீபாவளியை ஒட்டி வரும் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் முழுக்க நாய்களுக்கு. வீட்டு நாய், தெரு நாய் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, நல்ல சாப்பாடு கொடுக்கிறார்கள். அதுவும் இந்துக்கள் கொண்டாடும் முறைதான்.

ஒரு அறை

இனி வேலைக்கு வருவோம். நாய்க்கும் பூனைக்கும் தீபாவளியன்று தேவைப்படும் முதல் பொருள் ஒரு அறை. வாசல் கேட்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. மேல்மாடிப் படுக்கையறை, பின்கட்டு ஸ்டோர் ரூம், எதுவானாலும் சரி. சன்னலைச் சாத்தித் திரையை இழுத்து விடுங்கள், பளிச் பளிச் என்று வரும் வெளிச்சமும் அதுங்களைப் பயமுறுத்தும். காற்றாடியை ஓட விடுங்கள், ரேடியோவோ டிவியோ மிதமாகப் பாடட்டும். அது தினமும் படுக்கிற பழைய துணியைத் துவைக்காமல் போடுங்கள். தண்ணீர் வையுங்கள். பூனையானால் மண் தட்டும் அதே அறையில், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி. நம் ஊர் சூட்டில் காற்று வராத குளியலறையிலோ காரிலோ அடைக்கக் கூடாது. சங்கிலியில் கட்டிப் போடவும் கூடாது. பயந்து குதிக்கும் நாய்க்குச் சங்கிலி கழுத்தில் இறுகிவிடும்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த அறையில் விட்டால் அதைத் தண்டனை என்று நினைக்கும். அதனால் இப்போதிருந்தே தினமும் ஒரு வேளை சாப்பாட்டை அங்கே வையுங்கள். தீபாவளியன்று வெயில் தாழ்ந்ததும், இருட்டுவதற்கு முன்பே, வாரைப் போட்டு ஒரு நடை கூட்டிப் போய், சாப்பாடு கொடுத்து உள்ளே விட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த இடத்தில் பல வீடுகளில் ஒரு சிக்கல் வரும். "நல்ல நாள் அதுவுமா நாயை வீட்டுக்குள்ள விடுறதா? தீட்டு." பாட்டி சொல்வார்கள், அல்லது அப்பாவே சொல்வார். பாட்டியிடம் போய் மகாபாரதக் கதையை எடுத்து விடாதீர்கள், அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சண்டையும் போடாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு தங்கச்சி செய்ததைச் சொல்கிறேன். அவள் பாட்டியிடம் கேட்டது இவ்வளவுதான்: "பாட்டி, சாமி ரூம் பக்கமே வராது. பின்னாடி ஸ்டோர்ல மட்டும், ராத்திரி ஏழுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். காலையில நானே மஞ்சத் தண்ணி தெளிச்சு கழுவி விட்டுடறேன்." பாட்டி கொஞ்ச நேரம் முனகினார்களாம். "சரி, நீதான் கழுவணும்." அவ்வளவுதான் பேச்சு. பாட்டிக்குச் சுத்தம் முக்கியம், இவளுக்கு நாய் முக்கியம், இரண்டுக்கும் ஸ்டோர் ரூமில் இடம் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பாட்டியே போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்களாம், அது தனிக் கதை.

கேட்

வெடியைவிட ஆபத்தானது எது என்று என்னைக் கேட்டால், திறந்து கிடக்கும் கேட் என்றுதான் சொல்வேன். நம் ஊர்த் திறந்த இல்ல உபசரிப்பு எப்படி நடக்கும்? காலையில் திறந்த ஆட்டோ கேட் ராத்திரிதான் மூடும். ஒரு கூட்டம் உள்ளே வரும், ஒரு கூட்டம் கிளம்பும், வழியனுப்பப் போகிறவர்கள் கேட்டில் நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு வெடி. நாய் பறந்துவிடும். எந்தப் பக்கம் என்று அதுக்கே தெரியாது. பழகிய தெருவையும் தாண்டி, பெரிய சாலை வரைக்கும் ஓடும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பெண்பிள்ளை, பதினாலு வயது இருக்கும், எங்கள் கிளினிக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். பழுப்பு நிற நாய், இடது காதில் ஒரு வெட்டு. தீபாவளி ராத்திரி விருந்தாளிகள் கிளம்பும்போது வெளியே ஓடியது. கழுத்துப்பட்டை குளிப்பாட்டக் கழற்றினது, திரும்ப மாட்டவில்லை. சில்லும் போடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளி வகுப்பு முடிந்து வந்து, மழையில் நனைந்த பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாளை ஒட்டுவாள். ஒன்றும் பேச மாட்டாள். தைப்பூசம் வரைக்கும் வந்தாள். பிறகு வரவில்லை. நாய் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவே தெரியாது.

கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்க வேண்டும். எழுதிய தாள் மழையில் போய்விடும், சாவி வெட்டும் கடையிலேயே சின்னத் தகட்டில் பொறித்துத் தருவார்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் தலை வழியாகக் கழன்று வந்துவிடும். மைக்ரோசிப் என்பது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று, ஊசியால் தோலுக்கு அடியில் வைப்பார்கள், அதில் 15 இலக்க எண் இருக்கும். கிளினிக்கில் வருடியால் படித்தால் எண் தெரியும். ஆனால் அந்த எண்ணோடு நீங்கள் பதிந்த கைப்பேசி எண் பழையதாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. நம்பர் மாற்றினவர்கள் போய்த் திருத்துங்கள்.

பிராணி இருக்கும் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: 'கதவைத் திறக்காதீர்கள்'. கீழே 'ஜாங்கான் புக்கா பிந்து' என்றும் எழுதுங்கள், வருகிற எல்லாருக்கும் தமிழ் தெரியாது. கழிவறை என்று நினைத்துத் திறப்பவர்கள்தான் அதிகம். நாயைத் தனி அறையில் வைப்பதில் இன்னொரு மரியாதையும் இருக்கிறது. நம் வீட்டுக்கு வரும் முஸ்லிம் நண்பர்கள் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து முறுக்கு சாப்பிட வேண்டாமா? சின்னப் பிள்ளைகளுக்கும் இது பாதுகாப்பு. எவ்வளவு சாதுவான நாயும், பயந்திருக்கும்போது பின்னாலிருந்து யாராவது கட்டிப்பிடித்தால் கடித்துவிடும்.

ஒருவேளை ஓடியேவிட்டால், கத்திக்கொண்டு துரத்தாதீர்கள், இன்னும் வேகமாக ஓடும். உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காணவில்லை என்றால் அன்று ராத்திரியே படத்தோடு தாமான் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், மறுநாள் காலையிலேயே சுற்றியுள்ள கிளினிக்குகளுக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் கேளுங்கள். பிடிபட்ட நாயை அவர்கள் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். பூனை பெரும்பாலும் தூரம் போகாது. இரண்டு மூன்று வீட்டுக்குள்ளேயே, கார் அடியிலோ சாக்கடை மூடிக்குக் கீழேயோ இருக்கும். வீதி அடங்கிய நடுராத்திரியில் டார்ச் விளக்கோடு தேடினால் கண் மின்னும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சன்னலுக்கு வலை போட்டுவிடுங்கள். சிங்கப்பூர் எச்டிபி வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்தோடு இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று ஆகிவிட்டது, அங்கே இருக்கும் நம் வாசகர்களுக்கும் இதே வலைதான்.

தட்டிலிருந்தும் சாமி மேடையிலிருந்தும்

"நல்ல நாளாச்சே, அதுக்கும் கொஞ்சம் வைப்போம்" என்று நினைப்பது நம் மனசு. எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். பாயசத்திலும் கேசரியிலும் பிரியாணியிலும் போடுகிற கிஸ்மிஸ் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பச்சைத் திராட்சையும் அப்படித்தான். எவ்வளவு சாப்பிட்டால் என்று அளவு சொல்ல முடியாது, ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்கு ஒரு கைப்பிடியே போதும். ஆகவே பாயசக் கிண்ணத்தை நக்கக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவதே வழி.

ஆட்டுக்கறிக் குழம்பில் இரண்டு ஆபத்து. ஒன்று வெங்காயம், பூண்டு. இவை நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். உடனே ஒன்றும் தெரியாது. நாலைந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்து வரும்போது தீபாவளிக் குழம்பு யாருக்கும் நினைவிருக்காது. இன்னொன்று வெந்த எலும்பு. வெந்தால் எலும்பு ஊசி ஊசியாக உடையும். எலும்பு கிடக்கும் குப்பைப் பையை இறுக்கிக் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். அதிகக் கொழுப்பும் கணையத்தைத் தாக்கும், அதனால் நெய் உருண்டைக்கும் தடா. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடம்பிலிருந்து சீக்கிரம் இறங்காது, கறுப்பு சாக்லேட் என்றால் கொஞ்சமே போதும். சர்க்கரை வியாதி உள்ள தாத்தாவுக்காக வாங்கி வைக்கும் சீனியில்லாத மிட்டாய், சூயிங்கம் இவற்றின் பெட்டியில் 'சைலிட்டால்' என்று இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு அது சர்க்கரையைத் தடாலென்று இறக்கி வலிப்பில் கொண்டுபோய் விடும்.

அதுக்கும் தீபாவளி கொண்டாட வேண்டும் என்றால் உப்பு, மசாலா போடாமல் கொஞ்சம் கோழிக்கறியை அவித்து, எலும்பெடுத்துச் சோற்றில் பிசைந்து வையுங்கள். குழம்பு தாளிக்கும் முன்பே அம்மாவிடம் ஒரு பிடி கறியைத் தனியாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும், தாளித்த பிறகு கழுவிக் கொடுப்பதெல்லாம் உதவாது.

சாமி மேடைப் பொருள்களைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சூடத்தை நாய் விழுங்கினால் வலிப்பு வரும். டப்பாவை மூடி உயரத்தில் வையுங்கள். சிவனுக்குச் சாத்தும் அரளி, இலையிலிருந்து பூ வரைக்கும் இதயத்தைத் தாக்கும் விஷம். பூஜை முடிந்து எடுத்த மாலையைப் பின்வாசலில் எறிந்தால் கோழி, பூனை, ஆடு எதுவும் வாய் வைக்கலாம். விருந்தாளிகள் கொண்டு வரும் பூங்கொத்தில் லில்லிப் பூ இருந்தால், பூனை இருக்கும் வீட்டில் அதை உள்ளேயே எடுக்காதீர்கள். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலே மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை.

அகல் விளக்கைப் பூனை வால் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், சன்னல் விளிம்பு அதுங்களுக்கு நடைபாதை. வண்ண அரிசிக் கோலம் போட்டால் பசையும் ஜிகினாவும் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்தில் எறும்புக்குத் தீனியாகட்டும் என்றுதான் பச்சரிசி மாவில் போட்டார்கள்.

மற்றவை

கிளி, குருவி வளர்ப்பவர்கள் கூண்டைச் சாம்பிராணிப் புகையிலிருந்து தள்ளி வையுங்கள், பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பதும் அப்படித்தான், வாசனை போகும்வரை கூண்டு வேறு வீட்டில் இருக்கட்டும். மீன் தொட்டி இருந்தால் பக்கத்தில் கொசு மருந்து அடிக்காதீர்கள். தரை கழுவும் பினாயிலைப் பூனை மிதித்துப் பாதத்தை நக்கும், அதன் கல்லீரலால் அதை முறிக்க முடியாது, ஆகவே தண்ணீர் விட்டு அலசிக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். தாத்தா வீட்டுக்கு இரண்டு நாள் போகிறவர்கள் 'சாப்பாடு வச்சாச்சு' என்று பூட்டிவிட்டுப் போகாமல் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியிடம் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்களுக்கு முறுக்கு, உங்களுக்கு நிம்மதி.

விடிந்ததும் நாயைத் திறந்து விடுவதற்கு முன் முற்றத்தைக் கூட்டுங்கள். எரிந்த மத்தாப்புக் கம்பி, வெடிக்காத பட்டாசு, மருந்துத் தூள், சாத்தே குச்சி எல்லாம் புல்லில் கிடக்கும். நாய்க்கு எல்லாமே தின்பண்டம்.

ஏதாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகிவிடும். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, பெட்டியோ பாக்கெட்டோ இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். தீப்பட்டால் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள். பற்பசை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். தீபாவளி பொது விடுமுறை என்பதால் பெரும்பாலான கிளினிக்குகள் மூடியிருக்கும், எங்களுடையதும்தான். உங்கள் வட்டாரத்தில் 24 மணி நேரமும் திறந்திருப்பது எது என்று இப்போதே கூப்பிட்டுக் கேட்டு, எண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

அடுத்த வகுப்புக்கு

ஒரு தாளில் உங்கள் வீட்டின் வரைபடத்தைப் போட்டு வாருங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கேட் எங்கே, சாமி மேடை எங்கே, விருந்தாளிகள் எங்கே உட்காருவார்கள், நாயின் அறை எது என்று குறியுங்கள். கேட்டைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், மணிக்கு ஒருமுறை அறைக்குள் போய்ப் பார்க்கப் போவது யார் என்று பெயர் எழுதுங்கள். அந்தப் பெயர் உள்ளவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுத வேண்டும். பிராணி வளர்க்காதவர்கள் உங்கள் தெருவில் இருக்கும் தெருநாய்களும் பூனைகளும் மழைக்கு எங்கே ஒதுங்குகின்றன என்று பார்த்து வந்து சொல்லுங்கள். அந்த இடத்தில் வெடி போடாமல் இருக்க யாரிடம் பேசலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

பூனை வளர்ப்பவர்கள் மட்டும் வரைபடத்தில் இரண்டு அறையைக் குறித்து வாருங்கள். நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது இன்னொன்றில்தான் போய்ப் படுக்கும்.